சும்மா கிடைக்கிற சரக்கு

மார்ச் 3

அக்காவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு சின்ன ஒட்டுச்சீட்டு. கட்டைவிரல் நகம் அளவுகூட இருக்காது. நான் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஓய்வூதிய அலுவலகத்தில், குளிர் அறைக்குள் கறுப்பு அலமாரி போல நிற்கும் பெரிய கணினியின் கதவில் அது ஒட்டியிருந்தது. நம் வீட்டில் அம்மாவின் கரண்டிகளைப் போட்டுவைக்கும் கோப்பையில் உள்ள அதே படம். நீ வேலைக்குச் சேர்ந்த வருடம் கொண்டுவந்த கோப்பை. அப்படியானால் இது உன் கம்பெனிச் சரக்கு.

அதனால்தான் எழுதுகிறேன். சமாதானம் பேச எழுதவில்லை. ஒரு விஷயம் தெரிய வேண்டும். போன் பண்ணலாமே என்பாய். போனை எடுத்தாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், உனக்குத் தெரியும்.

பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள மாடி வீட்டு அத்தை ஒப்புக்கொண்டதால் நான் வேலைக்கு வர முடிந்தது. தற்காலிக வேலைதான். அச்சாகி வரும் ஓய்வூதியச் சீட்டுகளைக் கிழித்து, அடுக்கி, உறையில் போட வேண்டும். யாரிடமும் பேசத் தேவையில்லை. எனக்கென்றே செய்துவைத்த வேலை.

கணினி அறைப் பொறுப்பாளர் வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். நான் மனதுக்குள் ஸ்வெட்டர் அண்ணன் என்று கூப்பிடுகிறேன். மேலாளருக்கு அலுவலகமே வைத்த பெயர் சிக்கனம் சார். "பகல்ல எதுக்கு லைட்டு? சூரியன் என்ன பில்லா அனுப்புது?" என்று ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டே வருவார்.

நேற்று உன் கம்பெனியிலிருந்து ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி விலைப்பட்டியல் வந்தது. சார் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"என்னய்யா இது? உலகமே சும்மா எடுத்துக்கிற சரக்காம். நாம மட்டும் வருஷா வருஷம் தண்டம் அழறோமா?"

"சார், சரக்கு சும்மாதான். ஆனா..." என்றார் அண்ணன்.

"ஆனாவும் வேணாம், ஆவன்னாவும் வேணாம். இதைக் கட்டினா தற்காலிக ஆள் ஒண்ணைக் குறைக்கணும். நீயே முடிவு பண்ணு."

தற்காலிக ஆள் இங்கே நான் ஒருத்திதான். நான் தலையைக் குனிந்து சீட்டுகளைக் கிழித்துக்கொண்டிருந்தேன். ஒன்று குறுக்கே கிழிந்துவிட்டது.

அக்கா, அது உண்மையிலேயே சும்மா கிடைக்குமா? ஆம் அல்லது இல்லை என்று எழுதினால் போதும்.

அம்மா இப்போது இடது கையால் டம்ளரைப் பிடிக்கிறாள். பாதி சிந்துகிறது. பாதி சிந்தவில்லை.

சின்னு


மார்ச் 10

என் தங்கச்சிக்கு,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் அலுவலக வாசலிலேயே நின்று பிரித்துவிட்டேன். காவலாளி "நல்ல செய்தியாம்மா?" என்றார். "எங்க ஊமைக்கோட்டான் வாயைத் திறந்திருக்கு" என்றேன். அவர் பறவை என்று நினைத்துக்கொண்டார்.

உன் கேள்விக்குப் பதில்: ஆம். சும்மா கிடைக்கும். மெயின்ஃப்ரேம் என்கிற உங்கள் பெரிய கணினியை எழுப்பி வேலை வாங்கும் இயங்குதளத்தின் பெயர் லினக்ஸ். திறந்த மூலம் என்பார்கள். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் எழுதி, எழுதியதை மூடிவைக்காமல் பொதுவில் வைத்திருக்கிறார்கள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். சந்தா கட்டாவிட்டால் கணினி நின்றுவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதே. அது பாட்டுக்கு ஓடும். அடுத்த தாளையும் படி.

(இரண்டாவது தாள்)

ஆனால், சின்னு, நாங்கள் விற்பது அந்தச் சரக்கை அல்ல. ஊர்க்கோடிக்கு ஒரு பேருந்து போகிறது என்று வைத்துக்கொள். சாலை பொது. யாரும் நடக்கலாம். பேருந்து ஓட ஓட்டுநர் வேண்டும், பழுது பார்ப்பவர் வேண்டும், சீக்கிரமே எழுந்து சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பவர் வேண்டும். நகரப் பேருந்தில் நூறு பேர் ஏறுவதால் தலைக்குக் கொஞ்சம் விழுகிறது. மெயின்ஃப்ரேம் என்பது மூன்று பேர் ஏறும் ஊர்க்கோடிப் பேருந்து. ஓட்டுநருக்குச் சம்பளம் அதேதான். அதனால்தான் அந்த விலை. சாதாரணக் கணினிக்கு நாங்கள் கேட்பதைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். எனக்கே முதலில் எரிந்தது.

உன் வேலை போய்விடும் என்றால் எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பொய் மட்டும் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. இவ்வளவு நாள் ஏன் என்னுடன் பேசாமல் இருந்தாய்? அம்மாவிடம் கேட்டால், "அவளையே கேளு" என்கிறாள். அம்மாவை விட்டு நான் வந்துவிட்டேன் என்றா? நான் வராவிட்டால் மருத்துவச் செலவுக்கு எங்கே போயிருப்போம்? நீ பத்தாவதோடு நின்றது என்னால் என்று நினைக்கிறாயா? உன்னை நிறுத்த வேண்டாம் என்று உன் பள்ளி டீச்சர் எனக்கு எழுதிய கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். அதைத் திரும்பப் படிக்கிற தைரியம்தான் வரவில்லை. எதுவானாலும் எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


மார்ச் 18

அக்காவுக்கு,

என் வேலை தப்பித்தது. நீ காப்பாற்றினாய். முதலில் அதற்கு நன்றி.

உன் கடிதத்தை சாரிடம் காட்டினேன். வாயால் சொல்ல வராது என்பதால் தாளை மேசையில் வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். அவர் படித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "பாத்தியாய்யா! அந்தக் கம்பெனியில வேலை பாக்கிற பொண்ணே கைப்பட எழுதியிருக்கு, சும்மா கிடைக்கும்னு!" ஸ்வெட்டர் அண்ணனை முதுகில் தட்டினார். அன்றைக்கே சந்தா வேண்டாம் என்று உன் கம்பெனிக்குத் தகவல் போய்விட்டது. "நீ இருக்கலாம்மா" என்றார் என்னிடம்.

ஸ்வெட்டர் அண்ணன் மட்டும் கையை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் பொதுவில் உள்ள புதிய பதிப்பை இறக்கிப் போடப்போகிறாராம். "போட்டுடலாம். பெரிய வித்தை ஒண்ணும் இல்ல" என்று சாரிடம் சொன்னார். அவருடைய குரல் அப்படிச் சொல்லவில்லை.

நான் காட்டியது முதல் தாள் மட்டும்தான். அடுத்த தாளைப் படி என்ற கடைசி வரிவரை அவர் போகவே இல்லை. இரண்டாவது தாளில் நம் வீட்டு விஷயம் இருந்தது. அதை எப்படி ஒரு மேலாளரிடம் கொடுப்பேன்? பேருந்து பற்றி எழுதியதை மட்டும் கத்தரித்துக் கொடுத்திருக்கலாம் என்பாய். கொடுக்க எனக்கு மனமும் இல்லை. உன் கம்பெனிக்குப் போகும் பணமும் என் சம்பளமும் ஒரே பையில் இருக்கின்றன, அக்கா. உன் மேசைக்கு வந்தால் என் மேசைக்கு இல்லை.

ஏன் பேசவில்லை என்று கேட்டாய். உனக்கு நினைவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

அம்மா பக்கவாதத்தில் விழுந்து படுத்த முதல் மழைக்காலம். நீ போன் பண்ணினாய். அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டிய நாள் அது. எனக்குக் காய்ச்சல். நாளைக்குப் போகிறேனே என்றேன். நீ சொன்னாய்: "நீ வீட்டுல சும்மாதானே இருக்கே? இதைக்கூடப் பண்ண மாட்டியா?"

அதற்கு முன்னால் அம்மாவைக் குளிப்பாட்டி, படுக்கை விரிப்பை இரண்டாவது முறை துவைத்து, ஈரக்கையோடுதான் போனை எடுத்திருந்தேன். அன்றைக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது. சரி என்று மட்டும் சொன்னேன். பிறகு உன்னிடம் பேசுவதற்கு வேறு வார்த்தை எதுவும் வரவில்லை.

சின்னு


மார்ச் 25

சின்னு,

என்ன காரியம் பண்ணிவைத்திருக்கிறாய்! "ஆனால்" என்று நான் எழுதிய தாளை வீட்டில் வைத்துவிட்டு "ஆம்" என்ற தாளை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தாயா? உங்கள் ஒப்பந்தம் முடிந்த தகவல் எங்கள் பிரிவுக்கு வந்தபோது யாரோ ஒரு அலுவலகம் என்று நினைத்தேன். என் கடிதத்தால்தான் என்று இப்போது தெரிகிறது. எங்கள் பிரிவில் மொத்தமே மூன்று பேர். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

உன் சாரிடம் சொல், நாங்கள் என்ன செய்கிறோம் என்று. எங்கோ ஒருவர் எழுதிய திருத்தம் வருகிறது. அவர் வீட்டுக் கணினியில் அது நன்றாக ஓடியிருக்கும். அவருக்கு மெயின்ஃப்ரேம் ஏது? நாங்கள் ஒன்றை வைத்துக்கொண்டு அதில் போட்டுப் பார்க்கிறோம். உடைகிறது. சரி பண்ணுகிறோம். சரி பண்ணியதையும் பொதுவிலேயே திருப்பி வைக்கிறோம். அப்புறம் பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு அதையே பழைய அளவுக்குத் தைத்துக் கொடுக்கிறோம். போன் அடித்தால் எடுக்கிறோம். எல்லாம் சரியாக நடந்தால் நாங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது.

நீங்கள் இனி எங்கள் வாடிக்கையாளர் இல்லை. ஏதாவது ஆனால் என்னால் பதில் சொல்ல முடியாது. இப்போதே சொல்லிவைக்கிறேன். இந்த இயங்குதளத்தோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு இணையத்தில் ஒரு பொதுக் கேள்வி மன்றம் இருக்கிறது. அதன் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கே கேட்டால் நல்லவர்கள் பதில் சொல்வார்கள். எப்போது சொல்வார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

நீ எழுதிய மற்றதைப் படித்தேன். நான் அப்படிச் சொன்னேனா? எனக்கு ஞாபகமே இல்லை. சொல்லியிருந்தாலும் அந்த அர்த்தத்தில் சொல்லியிருக்க மாட்டேன். "சும்மா" என்று ஆயிரம் இடத்தில் சொல்கிறோம்.

இந்தப் பத்தியை மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்றிலும் நான் சொன்னது சரி என்றே வருகிறது. அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

அக்கா


ஏப்ரல் 29

சின்னு,

இன்று காலை எங்கள் உதவி எண்ணுக்கு ஒரு அழைப்பு வந்தது. "வணக்கம், உங்க ஒப்பந்த எண்ணைச் சொல்லுங்க" என்றேன், எப்போதும் சொல்வதுபோல. மூச்சு மட்டும் வந்தது. அந்த மூச்சை எனக்குத் தெரியாதா? ஒரே பாயில் எத்தனை வருடம் படுத்திருக்கிறோம்.

"சின்னு?"

"அக்கா. மெஷின் எழுந்திருக்கல. சீட்டு அச்சடிக்கணும். மாசக் கடைசி."

"ஒப்பந்த எண் இல்லாம நான் ஒண்ணும் சொல்ல முடியாதுடி."

"உனக்குத் தெரியுமில்ல?"

"சின்னு, அந்த மன்றத்துல கேளு. உடனே கேளு."

"சரி" என்று வைத்துவிட்டாய். மறுபடியும் அதே "சரி".

போன் பண்ணவே பயப்படுகிறவள் நீ. எவ்வளவு நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பாய் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. அப்போது அழைப்பு வரிசையில் உனக்குப் பின்னால் ஒரு மருத்துவமனை காத்திருந்தது. அவர்கள் சந்தா கட்டியவர்கள். உனக்கு அரை மணி நேரம் கொடுத்திருந்தால் அது அவர்களுடைய அரை மணி நேரம். இதைச் சொல்லி உன்னைச் சமாதானப்படுத்த முடியாது என்று தெரியும். என்னையே முடியவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், தபால் பெட்டியில் போடும்வரை தைரியம் இருந்தால். நீ வேலைக்குப் போனதிலிருந்து மாடி வீட்டு அத்தைக்கு மாதாமாதம் நான் பணம் அனுப்புகிறேன். முதல் தடவை அம்மா அந்தத் தொகையைச் சொன்னதும், "ஒரு ஆளைப் பாத்துக்கவா இவ்வளவு?" என்று கேட்டுவிட்டேன். அம்மா சொன்னாள்: "பகலுக்கு மட்டும்தான்டி. ராத்திரிக்குச் சின்னு இருக்கா."

நான் அந்த வார்த்தையைச் சொன்னேன், சின்னு. எனக்கு ஞாபகம் இருக்கிறது. முதலிலிருந்தே இருந்தது. போன கடிதத்தில் இல்லை என்று எழுதியது பொய். அந்தச் சமயத்தில் நீ சும்மா இருப்பதாகத்தான் உண்மையிலேயே நினைத்துக்கொண்டிருந்தேன். நீ அங்கே எல்லாவற்றையும் சரியாகப் பார்த்துக்கொண்டதால் எனக்கு எதுவுமே தெரியாமல் போயிற்று. இங்கே நான் நிம்மதியாக வேலை கற்றுக்கொண்டேன்.

மன்னித்துவிடு. அம்மாவைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி. இதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

மெஷின் எழுந்ததா?

அக்கா


மே 6

அக்காவுக்கு,

எழுந்துவிட்டது. கவலைப்படாதே.

போனை வைத்ததும் உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தாள் பொத்துப்போகும். அதனால் நடந்ததை மட்டும் வரிசையாக எழுதுகிறேன்.

ஸ்வெட்டர் அண்ணன் புதிய பதிப்பை இறக்கினார், பழையதை அழித்தார், கணினியை அணைத்துப் போட்டார். கறுப்பு அலமாரியில் விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. குளிர் அறையில் அவருக்கு நெற்றி வியர்த்ததை அன்றுதான் பார்த்தேன். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டார். உள்ளே பூப்போட்ட சட்டை. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

நீ சொன்ன மன்றத்தை மேசையில் இருந்த சின்னக் கணினியில் காட்டினேன். அவர் கேட்க மாட்டேன் என்றார். "நான் கேட்டா மானம் போயிடும்மா. இத்தனை வருஷம் இந்தத் தொழில்ல இருந்துட்டு, பெரிய வித்தை இல்லன்னு வேற சொல்லித் தொலைச்சேன். நீ கேளு. சின்னப் பொண்ணுன்னு விட்டுடுவாங்க."

முகம் தெரியாத எல்லோரும் படிக்கிற இடத்தில் நான் எழுதுவதா? "மன்னிக்கவும்" என்று தொடங்கினேன். அழித்தேன். திரும்பவும் அதையே எழுதினேன். அண்ணன் சொல்லச் சொல்ல, என்ன செய்தோம், என்ன ஆயிற்று என்று ஒன்றுவிடாமல் என் பத்தாவது வகுப்பு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன்.

அன்றைக்குப் பதில் வரவில்லை. மறுநாள் காலையில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. சீட்டு வந்தால்தான் அவர்களால் வங்கியில் பணம் எடுக்க முடியும். ஒரு பெரியவர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டார். "தப்பா நெனச்சுக்காதம்மா. உன்மேல குத்தம் இல்ல. மருந்துக்கடைக்காரர்கிட்ட இன்னிக்குன்னு சொல்லிவெச்சிருந்தேன், அதான்." அவர் மன்னிப்புக் கேட்கிற மாதிரி பேசியதுதான் எனக்குத் தாங்கவில்லை. குற்றம் என்மேல் இல்லை என்கிறாரே. முதல் தாளை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தது யார்?

சிக்கனம் சார் உள்ளேயிருந்து நாற்காலிகளைத் தானே தூக்கிவந்து வாசலில் போட்டார். எல்லா விளக்குகளையும் எல்லா மின்விசிறிகளையும் போடச் சொன்னார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பதில் வந்தது. எழுதியவர் ஒரு பெண்மணி. எந்த நாடோ தெரியாது. பெயருக்குக் கீழே "ஓய்வு பெற்றவள், ஓயாதவள்" என்று போட்டிருந்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார். புதியதைப் போட்ட பிறகு, அது எங்கே இருக்கிறது என்று சேமிப்பு வட்டின் தலைப்பகுதியில் எழுதிவைக்கும் கட்டளையை ஓட்டினீர்களா? மெயின்ஃப்ரேமில் அதைச் செய்யாவிட்டால், கணினி கண் விழித்ததும் பழைய முகவரிக்குத்தான் போகும், அங்கே வீடு இடிந்து கிடக்கும் என்று எழுதியிருந்தார். இந்தத் தப்பைத் தானும் செய்திருப்பதாகவும், ஒருமுறைக்கு மேல் என்றும் கூடவே எழுதியிருந்தார். எப்படி மீட்பது என்பது கீழே.

ஸ்வெட்டர் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "இத்தனை வருஷமா அது தானா நடந்துச்சும்மா. அவங்க குடுத்த பதிப்புல புதுசு போட்டா அதுவே எழுதிக்கும். தானா நடக்கிறதை எவன் ஞாபகம் வெச்சுப்பான்?"

சாயங்காலத்துக்குள் சீட்டுகள் அச்சாகிவிட்டன. நானே அந்தப் பெரியவரின் சீட்டைத் தேடி எடுத்துப்போய்க் கையில் கொடுத்தேன். மருந்துக்கடை மூடுவதற்குள் போய்விடலாம் என்று வேகமாக நடந்தார்.

மறுநாள் உன் இரண்டாவது தாளை சாரிடம் கொடுத்தேன். நம் வீட்டு விஷயத்தை மடித்துக் குண்டூசி குத்தியிருந்தேன். பேருந்து வரை படித்தார்.

"இதை ஏம்மா அன்னிக்கே காட்டல?"

"அதுல என் வீட்டு விஷயம் இருந்துச்சு சார். என் வேலை போயிடும்னும் பயமா இருந்துச்சு."

அவரிடம் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். அவர் குண்டூசியைத் தொடாமல் தாளை என்னிடமே நீட்டினார். "விடும்மா. ஆனாவே வேணாம்னு கத்தினவன் நான். நீ காட்டியிருந்தாலும் படிச்சிருக்க மாட்டேன்."

சந்தாவைத் திரும்பக் கட்டப்போகிறார். அப்படியென்றால் இந்த மாதக் கடைசியோடு எனக்கு வேலை இல்லை. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு வருத்தம்தான், ஆனால் முன்பு போலக் கோபம் வரவில்லை. அந்தப் பெரியவரை இன்னொரு தடவை அப்படி நிற்கவைக்க முடியாது.

நான் மன்றத்தில் நன்றி எழுதினேன். அந்தப் பெண்மணி இரண்டே வார்த்தை பதில் போட்டார்: "தூங்கப் போகிறேன்." நமக்காக விழித்திருந்திருக்கிறார், அக்கா. நம்மை யாரென்றே தெரியாது அவருக்கு.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு இடத்துக்கு மேல் நான் படிக்கவில்லை. மீதியை அம்மா வாங்கித் தானே படித்தாள். இடது கையில் பிடித்துக்கொண்டு.

நீ "நன்றி" என்று எழுதியிருந்த இடத்தைத் திரும்பப் படித்தேன். எத்தனை தடவை என்று சொல்ல மாட்டேன்.

சின்னு


மே 13

சின்னு,

உன் கடிதத்தை மதியம் படித்தேன், முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி படித்தேன். பக்கத்து மேசைக்காரர் சளியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நன்றியை அப்புறம் வைத்துக்கொள்வோம். முதலில் உன் வேலை. நான் இப்போது எழுதுவது ரகசியம் ஒன்றும் இல்லை. எங்கள் விலைப்பட்டியலிலேயே பொடி எழுத்தில் இருக்கிறது. பொடி எழுத்தை யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

மெயின்ஃப்ரேமுக்கு நாங்கள் விலை போடுவது ஆள் கணக்கிலோ கணினிக் கணக்கிலோ இல்லை. அந்த அலமாரிக்குள் லினக்ஸுக்காகத் திறந்துவைத்திருக்கும் செயலிகளின், அதாவது புராசஸர்களின், கணக்கில். ஒரு செயலி என்றால் ஒரு அடுப்பு என்று வைத்துக்கொள். எத்தனை அடுப்பு எரிகிறதோ அத்தனைக்குக் காசு. எந்த அடுப்பில் சட்டி இருக்கிறது, எது சும்மா எரிகிறது என்று நாங்கள் பார்ப்பதில்லை. (பார், இந்த வார்த்தை என்னை விட மாட்டேன் என்கிறது.) உங்கள் அண்ணனை ஒருமுறை எண்ணிப் பார்க்கச் சொல். சோதனைக்கென்று எப்போதோ ஒன்றைத் திறந்துவிட்டு மறந்திருப்பார்கள். நிறைய இடங்களில் இப்படித்தான். அதை மூடிவிட்டுப் புது விலைப்பட்டியல் கேளுங்கள். சோதனை பண்ணிப் பார்க்க வேறொரு சாதாரணக் கணினியில் பொதுப் பதிப்பைப் போட்டுக்கொள்ளலாம். சீட்டு அச்சடிக்கும் இடத்துக்கு மட்டும் எங்கள் பேருந்து போதும்.

இது தெரிந்தால் எங்கள் விற்பனைக்காரர் என்னோடு தேநீர் குடிக்க மாட்டார். பரவாயில்லை. எப்போதும் நான்தான் காசு கொடுக்கிறேன்.

எண்ணியும் மிச்சம் இல்லையென்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எது நடந்தாலும் எழுது.

அடுத்த மாதம் விடுப்பு கேட்டிருக்கிறேன். வந்தால் பகலில் மாடி வீட்டு அத்தைக்கு விடுமுறை கொடு. விரிப்பு எப்படித் துவைக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்லு. தப்பாகச் செய்தால் திட்டு. உனக்கு வராது, பழகிக்கொள்.

அக்கா


மே 27

அக்காவுக்கு,

எண்ணினோம். ஸ்வெட்டர் அண்ணன் பழைய குறிப்புகளை எல்லாம் தோண்டி எடுத்தார். நீ சொன்ன மாதிரியே ஒரு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதைத் திறந்தவர் வேலையை விட்டே போய்விட்டாராம். சாரிடம் சொன்னதும் அவருக்கு வலியும் சந்தோஷமும் ஒரே நேரத்தில் வந்தன. "நான் வராண்டா பல்பை அணைச்சுக்கிட்டுத் திரியறேன். இங்க ஒண்ணு வருஷக்கணக்கா எரிஞ்சிருக்கு!" இரண்டு நாள் எல்லோரிடமும் இதையே சொன்னார்.

புது விலைப்பட்டியல் நேற்று வந்தது. சார் கையெழுத்துப் போட்டார். பொடி எழுத்தை ஸ்வெட்டர் அண்ணனைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போட்டார்.

என் வேலை இந்த ஆண்டு முடியும்வரை உண்டு. அதற்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார். நிரந்தரம் இல்லை. அதைக் கேட்டு நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். ஸ்வெட்டர் அண்ணன் துரத்திக்கொண்டு வந்தார். "கும்பிட்டா போதுமா? வாயைத் திறந்து நன்றின்னு சொல்லு, பாவம் மனுஷன் அதுக்காகத்தான் உக்காந்திருக்காரு." திரும்பிப் போய்ச் சொன்னேன். சார் கோப்பைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார். காது சிவந்திருந்தது.

அக்கா, உனக்கும் சொல்ல வேண்டும். காலையிலிருந்து எப்படி எழுதுவது என்று யோசிக்கிறேன். உன் கம்பெனிக்குப் போகவேண்டிய காசைக் குறைத்து என் மேசையைக் காப்பாற்றியிருக்கிறாய். அதற்கு நன்றி. அன்றைக்கு போனில் பதில் சொல்லாததற்குக்கூட இப்போது நன்றிதான். மருத்துவமனை வரிசையில் இருந்தது என்று எழுதினாயே, அங்கே படுத்திருப்பவர்களுக்கும் ஒரு சின்னு இருப்பாள்.

நீ அந்த வார்த்தையைச் சொன்னது எனக்கு இன்னும் வலிக்கிறது. முன்பைவிடக் குறைவாக. பொய் என்று நீயே ஒப்புக்கொண்டதால் குறைந்ததா, நன்றி சொன்னதால் குறைந்ததா தெரியவில்லை. நீ வரும்போது வலது ஓரத்துப் படுக்கை உனக்கு. இடது ஓரத்தில் நான்தான் படுக்க வேண்டும்; அம்மா அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பதால் ராத்திரியில் அவளுக்கு என்னைத் தேடும்.

இந்தக் கடிதத்தை மதியம் முடித்துவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் ஒன்று நடந்தது. அந்த மன்றத்தைத் தினமும் ஒருமுறை திறந்து பார்ப்பேன். எழுத மாட்டேன், படிப்பேன். இன்று யாரோ ஒருவர் புதிதாகக் கேட்டிருந்தார். அவர்கள் அலுவலகத்தில் அச்சாகும் சீட்டுகளில் ஒவ்வொரு பக்கத்துக்கும் எழுத்து ஒரு வரி கீழே இறங்கிக்கொண்டே போகிறதாம், கடைசியில் கிழிக்கும் கோட்டின் மேலேயே தொகை வந்து விழுகிறதாம். முட்டாள்தனமான கேள்வியாக இருந்தால் மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார். காலையிலிருந்து யாரும் பதில் சொல்லவில்லை. அது அச்சுப்பொறிக்குத் தாளின் நீளத்தைத் தப்பாகக் கொடுத்திருப்பதால் வருவது. போன மாதம் எங்களுக்கும் வந்தது, கிழிக்கிறவள் நான் என்பதால் என் கையில்தான் முதலில் பட்டது.

ஸ்வெட்டர் அண்ணனிடம் காட்டினேன். "யாராவது பெரியவங்க வந்து சொல்லுவாங்கம்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பதில் எழுதினேன்.

சின்னு